மான் காவலுக்கு ஏணிப் பரண்: மலையில புதுசா வெள்ளாமை வைக்கிறவங்களுக்கு

கீழ இருந்து வந்து கொடைக்கானல் மலையில பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் ஒரு ஏக்கரோ ரெண்டு ஏக்கரோ வாங்கி பீன்ஸ் போடுறவங்க முதல் வருஷமே என்கிட்ட வந்து நிக்கிறது ஒரே பிரச்சினையோடதான். நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா நின்ன செடி, காலையில போய்ப் பார்த்தா நுனியெல்லாம் காணோம், பாதிக் காடு மொட்டையா நிக்குது, என்ன பண்றதுண்ணே? பரண் போட்டு ராத்திரி ஆள் இருங்கன்னு சொல்லுவேன். உடனே அடுத்த கேள்வி, எப்படிப்பட்ட பரண்? மரத்துக் கவையில கட்டுறதா, நாலு கால் ஊன்றதா, இல்ல இப்ப சில பேர் இரும்புல ஏணியும் சீட்டும் சேர்த்து செஞ்சு மரத்துல சாத்தி வைக்கிறாங்களே அதுவா? நான் மூணுலயும் உக்காந்திருக்கேன். கடைசியா சொன்ன ஏணிப் பரண்தான் புதுசா வர்றவங்களுக்கு சரி, ஆனா அதுல ஆளையே முடக்கிப் போடுற குறையும் இருக்கு. ரெண்டையும் சேர்த்து சொல்லிடுறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இது காவலுக்கு மட்டும்தான், வேட்டைக்கு இல்ல. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கடமான், புள்ளிமான், கேளையாடுங்கிற சின்ன மான் எதை வேட்டையாடினாலும் குற்றம், நம்ம பட்டா நிலத்துக்குள்ள வந்து நம்ம பயிரைத் தின்னுட்டு இருந்தாலும் குற்றம்தான். சுட்டாத்தான் வேட்டைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, கம்பிச் சுருக்கு வைக்கிறது, பொறி வைக்கிறது, விஷம் வைக்கிறது, அதுக்கு முயற்சி பண்றதுகூட சட்டத்துல வேட்டைன்னுதான் இருக்கு. நம்ம சுத்துவட்டாரக் காடு 2013லயே கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமா அறிவிச்சாச்சு. பக்கத்து நீலகிரியில வெள்ளைக்காரன் காலத்துல, 1879லயே வேட்டையைக் கட்டுப்படுத்த தனிச் சட்டம் போட்டாங்க, அப்பவே அவ்வளவு அழிஞ்சிருந்துச்சு. அதனால பரண்ல சுருக்குக் கம்பியோ நாட்டுத் துப்பாக்கியோ இருக்கவே கூடாது. வேலியில வீட்டு லைன்ல இருந்து நேரா கரண்ட் விடுறதும் வேணாம், அதுல மான் மட்டும் சாகுறதில்ல, தண்ணி பாய்ச்சப் போற நம்ம ஆளும் சாகுறான். சோலார் வேலி போடணும்னா வனத்துறை ஆபீஸ்ல பதிவு விவரம் கேட்டுட்டுப் போடுங்க.

ஏணிப் பரண் யோசனை எனக்கு எப்படி வந்துச்சுன்னா, என் மச்சான் ஒருத்தர் மிச்சிகன்ல வேலை பாக்குறார். அங்க லைசென்ஸ் வாங்கிட்டு மான் வேட்டைக்குப் போகலாம், துப்பாக்கி சீசன் வருஷா வருஷம் நவம்பர் 15ல இருந்து 30 வரைக்கும். அவர் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துல லேடர் ஸ்டாண்ட்னு ஒண்ணு வெச்சிருக்கார், அதை வீடியோ எடுத்து அனுப்பினார். ஏணி ரெண்டு மூணு துண்டா வரும், மாட்டி நீளமாக்கி, உச்சியில சீட்டு, முன்னாடி ஒரு குறுக்குக் கம்பி, அப்படியே மரத்துல சாத்தி பெல்ட் போட்டு இறுக்கிடுறாங்க. நான் அந்த வீடியோவை எடுத்துட்டுப் போய் வத்தலக்குண்டுல ஒரு வெல்டிங் பட்டறையில காட்டி செஞ்சேன். இப்ப மூணு வருஷமா அதுலதான் காவல்.

அந்த மச்சான்கிட்ட அங்க வேட்டைக்காரங்க இதைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். நல்லதுன்னு அவங்க சொல்றது, ஏற சுலபம், வயசானவங்க பிள்ளைங்ககூட ஏறலாம், சீட்டு அகலம், மணிக்கணக்கா உக்காரலாம், ரெண்டு ஆள் உக்கார்ற மாதிரியும் கிடைக்கும், மரம் பனை மாதிரி நேரா இருக்கணும்னு இல்ல. குறைன்னு சொல்றது, கனம், ஒரு ஆளா நிறுத்த முடியாது, ஒரு தடவை வெச்சா நினைச்ச நேரத்துக்கு இடம் மாத்த முடியாது, ஏணி தூரத்துல இருந்தே தெரியும் அதனால மான் உஷாராயிடும், ஆள் அசைஞ்சா கிறீச்னு சத்தம் வரும், உயரம் கம்மின்னா ஆள் வாடை மானுக்கு எட்டிரும், பூட்டு போடலைன்னா களவு போகும்.

இதைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் யோசிச்சேன். வேட்டைக்காரனுக்கு மான் பக்கத்துல வரணும். நமக்கு வரவே கூடாது. மான் பார்க்குதா, பார்க்கட்டும். சத்தம் கேக்குதா, கேக்கட்டும். வாடை போகுதா, அதுதானே வேணும். அவங்க குறைன்னு எழுதுறதுல பாதிக்கு மேல நமக்கு வரவு. ஆனா ஒண்ணு மட்டும் அவங்களுக்கும் நமக்கும் ஒரே மாதிரிதான், மேல இருந்து விழுந்தா எலும்பு. இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா விளங்கும், எவ்வளவு உயரம், எங்க வைக்கிறது, எப்ப ஏறுறது எல்லாமே.

யாரு மேயுறாங்கன்னு முதல்ல பாருங்க

பரண் போட அவசரப்படாதீங்க, ரெண்டு மூணு நாள் காலையில போய் கடிச்ச இடத்தைக் குனிஞ்சு பாருங்க. மானுக்கு மேல்வாய்ல முன்பல் கிடையாது, அதனால அது நறுக்குறதில்ல, பிடிச்சு இழுத்துப் பிய்க்கும், தண்டு நுனி நார் நாரா இருக்கும். முயல் கடிச்சா கத்தி வெச்ச மாதிரி சாய்வா சுத்தமா வெட்டுப்பட்டிருக்கும். மண்ணைக் கிளறிப் போட்டிருந்தா காட்டுப்பன்னி. கிழங்கைக் கொரிச்சிருந்தா முள்ளம்பன்னியா இருக்கலாம். முயலுக்கும் முள்ளம்பன்னிக்கும் பரண் போட்டுப் பிரயோசனம் இல்ல, அதுக்கு அடியில வலை கட்டணும். செடியெல்லாம் மிதிபட்டு பெரிய பெரிய குளம்பு, எரு தட்டையா கிடந்தா காட்டுமாடு, அதுக்கு ஒத்தை ஆள் பரண் பத்தாது, நாலு பேர் சேர்ந்து காவல் இருக்கணும்.

யானை நடமாட்டம் இருக்கிற இடம்னா ஏணிப் பரண் வேண்டவே வேண்டாம். 12 அடி, 15 அடி எல்லாம் தும்பிக்கைக்கு எட்டுற உயரம்தான், மரத்துல சாத்தின ஏணி அதுக்கு ஒரு தள்ளு. கீழ்ப்பழனி பக்கம் வலசை வழியில நிலம் வாங்கினவங்க வனத்துறைக்குச் சொல்லிட்டு வீட்டுக்குள்ள இருங்க, பீன்ஸ் போனா அடுத்த போகம் போட்டுக்கலாம்.

கடமான் வர்றதை நீங்க ஒரு தடவை பக்கத்துல பார்க்கணும். என் முதல் வருஷம், ஐப்பசி, மழை விட்டு மேகம் கலைஞ்ச ராத்திரி. ஓடைக்கு அந்தப் பக்கம் இலை நசுங்குற சத்தம், ஒரு அடி, அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல, மறுபடி ஒரு அடி. கல் கட்டு ஓரமா பெரிய உருவம் வந்து நின்னுச்சு, கழுத்து தூக்கி காது ரெண்டையும் முன்னாடி திருப்பி, மூக்கு மட்டும் அசையுது. நான் மூச்சுகூட விடல. அது ஒரு முன்னங்காலைத் தூக்கி தரையில ஓங்கி ஒரு மிதி மிதிச்சுது பாருங்க, பரண் மேல இருந்த எனக்கே நெஞ்சுல கேட்டுச்சு, அடுத்து ஒரு சத்தம், பழைய லாரி ஹாரன் மாதிரி டோங்க்னு. அந்த ஒரு சத்தத்துக்கு காட்டுக்குள்ள இருந்த மத்ததெல்லாம் ஓடிருச்சு. அதுக்கு என் வாடை கிடைச்சிருச்சு, நான் கையைக்கூட அசைக்கல. பரண்ல ஆள் இருந்தாலே பாதிக் காவல்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. கேளையாடு சத்தம் வேற, அது நாய் குரைக்கிற மாதிரியே இருக்கும், புதுசா வந்தவங்க பக்கத்துத் தோட்டத்து நாய்னு நினைச்சு திரும்பிப் படுத்துருவாங்க.

இடமும் காத்தும்

பரண் நம்ம பட்டா எல்லைக்குள்ள, வனத்தைப் பார்த்த மாதிரி இருக்கணும். வனத்துக்குள்ள ஒரு அடி போனாலும் வேற கேஸ் ஆயிரும். மான் வர்ற தடம் எதுன்னு காலடி பார்த்து தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தடத்துல இருந்து ஒரு இருபது எட்டு தள்ளி வைங்க. தடத்து மேலயே வைக்காதீங்கன்னு சொல்றது ஏன்னா, அதே தடத்துலதான் காட்டுமாடும் வரும், கடா ஒண்ணு ஆயிரம் கிலோ வரைக்கும் இருக்கும், அதுக்கு முதுகு அரிச்சா கிடைச்சதுல தேய்க்கும், ஏணியில தேய்ச்சா நீங்க மேல இருக்கிறது அதுக்குத் தெரியாது.

மலையில காத்து நேரத்துக்கு ஒரு பக்கம் போகும். பகல்ல வெயில் ஏற ஏற சரிவு சூடாகி காத்து கீழ இருந்து மேல ஏறும். பொழுது சாய்ஞ்சதும் மண்ணு குளிர்ந்து, குளிர்ந்த காத்து கனமாகி சரிவோட கீழ இறங்கும், வானம் தெளிவா இருக்கிற ராத்திரியில அதை கன்னத்துலயே உணரலாம். அப்ப உங்க வெள்ளாமைக் காட்டுக்குக் கீழ சோலையோ ஓடையோ இருந்து அங்க இருந்து மான் ஏறி வருதுன்னா, பரணை அந்த வெள்ளாமைக் காட்டோட மேட்டு ஓரத்துல வைங்க, ராத்திரி பூரா உங்க வாடை காடு முழுக்கப் பரவி கீழ போய்க்கிட்டே இருக்கும். வேட்டைக்காரன் இதுக்கு நேர் எதிரா பண்ணுவான், அவன் வாடை மானுக்குப் போகாத பக்கமா தேடி உக்காருவான். மான் மேல இருந்து இறங்கி வர்ற இடம்னா வாடையை மட்டும் நம்ப முடியாது, லைட்டும் தகரமும்தான், பரணும் காட்டு ஓரத்தை முழுசாப் பார்க்கிற மாதிரி இருக்கணும்.

உயரம் 10, 12 அடி போதும். அமெரிக்காவுல 15 அடி, 20 அடின்னு போறாங்க, அது மான் கண்ணுல படாம வாடை தலைக்கு மேல போகணும்னு. நமக்கு அந்தத் தேவை இல்ல, பயிருக்கு மேல பார்வை போனா போதும், ஒவ்வொரு அடி கூடும்போதும் விழுற அடியும் கூடும். பட்டறைக்காரங்க எதுக்கும் 15 அடி போட்டுருவோமான்னு கேப்பாங்க, வேண்டாம்னு சொல்லுங்க.

மரம்

நம்ம மலையில ஓரத்துல நிக்கிற மரம் எல்லாம் பரணுக்கு ஆகாது. வாட்டில் மரத்துக்கு வேர் ஆழம் கிடையாது, ஈர மண்ணுல காத்தடிச்சா வேரோட சாயும், 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ கொடைக்கானல் மலை ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததை இங்க யாரும் மறக்கல. யூகலிப்டஸ் நேரா இருக்கும், பார்க்க ஆசையா இருக்கும், ஆனா பட்டை உரிஞ்சு உரிஞ்சு விழும், பெல்ட் அந்தப் பட்டையோட சேர்ந்து வழுக்கி இறங்கும், மேல இருந்து காய்ஞ்ச கிளை சொல்லாம விழும். சில்வர் ஓக் காபித் தோட்டத்துல எல்லா இடத்துலயும் இருக்கு, தண்டு நல்லாத்தான் இருக்கு, ரெண்டு கை கோர்த்துக் கட்டிப் பிடிக்கிற அளவு பருமன் இருந்தா எடுத்துக்கலாம், கிளை மட்டும் காத்துக்கு முறியும், அதனால தலைக்கு மேல காய்ஞ்ச கிளை இருக்கான்னு பகல்ல பார்த்துடணும். நல்லா வேர் பிடிச்ச பலா மரம் ஓரத்துல இருந்தா அதைவிட நல்லது எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஆனா பழக் காலத்துல பலா மரம் பக்கமே போகக் கூடாது, யானை, கரடி எல்லாம் வாடைக்கே வரும்.

எந்த மரம்னாலும் தட்டிப் பாருங்க, உள்ள கூடா இருந்தா சத்தம் வேற மாதிரி வரும். தேன்கூடு இருக்கான்னு அண்ணாந்து பாருங்க. மறைக்குதுன்னு மரத்தை வெட்டப் போயிடாதீங்க, மலைப்பகுதியில பட்டா மரம்னாலும் வெட்ட அனுமதி வேணும்.

நல்ல மரமே இல்லைன்னா ஏணிப் பரணை விட்டுடுங்க. நாலு கால் ஊன்றி கல்மூங்கில்ல கட்டுற பழைய பரண் போடுங்க, இந்த மலைப் பழங்குடி பளியர் ஆளுங்க கட்டினதைப் பார்த்து நான் கத்துக்கிட்டது அது, ஆணியே இல்லாம கட்டி ரெண்டு மழைக்காலம் அசையாம நின்னுச்சு. தினைப்புனம் காத்த வள்ளி நின்னதும் அந்த மாதிரி பரண்லதான். சங்கப் பாட்டுல அதுக்கு இதணம்னு பேர், இந்த மலைக்கு அது அவ்வளவு பழசு. அதோட குறை, கட்டத் தெரிஞ்ச கை வேணும், கால் மண்ணுக்குள்ள மக்கும், வருஷா வருஷம் கட்டணும். ஏணிப் பரண் ஒரு தடவை செஞ்சா வருஷக்கணக்கா வரும், கழட்டி அடுத்த காட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், கட்டத் தெரியாதவங்களும் நிறுத்தலாம், அதுனாலதான் புதுசா வர்றவங்களுக்கு இதைச் சொல்றேன்.

செய்யச் சொல்றப்ப

ஜிஐ பைப்ல செய்யச் சொல்லுங்க, ஏணி ரெண்டு துண்டா இருக்கட்டும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு போல்ட் போடுற மாதிரி. படிக்குப் படி ஒரு அடிதான் இருக்கணும், அதுக்கு மேல போனா இருட்டுல கால் தேடும். படி ஒவ்வொண்ணுலயும் பழைய சைக்கிள் டியூபைக் கிழிச்சு இறுக்கிச் சுத்திடுங்க, பனியில இரும்பு எப்படி வழுக்கும்னு விடியக்காலம் இறங்கிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். சீட்டுக்கு மூணு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கம்பி. ஏணி நடுவுல இருந்து மரத்துக்கு ஒரு தாங்கு கம்பி கண்டிப்பா வேணும், இல்லாட்டி ஆள் ஏறும்போது ஏணி நடுவுல வளைஞ்சு உள்ள போகும், அந்த அசைவுலதான் நிறைய பேர் கைய விடுறாங்க. எங்க பரண் 12 அடி, 50 கிலோ கிட்ட வந்துச்சு.

பட்டறையில வெல்டு வெச்ச இடத்துக்கெல்லாம் பெயிண்ட் அடிக்காம வாங்கிடாதீங்க, நம்ம மழைக்கு முதல்ல அங்கதான் துரு ஏறும்.

நிறுத்துறது

மூணு ஆள் இல்லாம ஆரம்பிக்காதீங்க. பகல்ல, காத்து இல்லாத நேரத்துல. முதல்ல ஏணிக் கால் உக்கார்ற இடத்தைச் சமமா வெட்டுங்க. சரிவுல ஒரு காலுக்கு அடியில கல் வெச்சு சமம் பண்றது இங்க எல்லாரும் பண்றாங்க, அது வேணாம், மேட்டுப் பக்கத்தை வெட்டி இறக்குங்க, மழையில கல் நகரும், வெட்டின மண்ணு நகராது. பரண் 12 அடி உயரம்னா ஏணிக் கால் மரத்துல இருந்து 3 அடி தள்ளி, நாலுக்கு ஒண்ணுங்கிற கணக்கு. ரொம்ப நிமிர்ந்து நின்னா பின்னாடி சாயும், ரொம்பப் படுத்தா கால் வழுக்கும்.

தரையிலயே முழுசா மாட்டி, சீட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நீளக் கயிறு கட்டிடுங்க. ஒரு ஆள் ஏணிக் காலை மிதிச்சுப் பிடிக்கணும், மத்த ரெண்டு பேர் சீட்டுப் பக்கத்துல இருந்து தூக்கிட்டே நடந்து வந்து மரத்துல சாத்தணும். சாத்தினவுடனே யாரும் ஏறிடாதீங்க, இங்கதான் தப்பு நடக்கும். அந்த ரெண்டு கயிறையும் மரத்துக்குப் பின்னாடி குறுக்கா மாத்தி எடுத்து, கீழ நின்னபடியே இழுத்து இறுக்கிக் கட்டுங்க, தாங்கு கம்பியையும் மரத்தோட கட்டுங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேர் ஏணியைப் பிடிச்சிருக்க, ஒரே ஒரு ஆள், உடம்புக்குப் பாதுகாப்பு ஹார்னஸ் (அதைப் பின்னாடி சொல்றேன்) மாட்டிக்கிட்டு மேல போய் சீட்டை மரத்தோட இறுக்கணும். அதுக்கு லாரியில சரக்கு கட்டுற ரேச்சட் பெல்ட் ரெண்டு வாங்குங்க, புதுசா வாங்குங்க.

ஏன் புதுசுன்னு சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கார்த்திகை மாசம், என் தம்பி காவல் முடிச்சு விடியக்காலம் நாலரை மணிக்கு இறங்குறான். அடர்த்தியா மேகம், மூணு அடிக்கு அந்தப் பக்கம் தெரியல. ஒரு கையில டார்ச், ஒரு கையில பிளாஸ்க். சீட்டுல இருந்து திரும்பி மூணாவது படியில கால் வைக்கும்போது ஏணி ஒரு விரக்கடை அளவு திரும்பிச்சு, அவ்வளவுதான். போன வருஷத்து பெல்ட், வெயில்லயும் மழையிலயும் கிடந்து நூல் நூலா விறைச்சுப் போயிருந்ததை நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம், இந்த போகம் தாங்கும்னு விட்டோம். அவன் விழுந்தது எட்டு ஒம்பது அடிதான் இருக்கும், ஆனா விழுந்தது கல் கட்டு மேல. நான் குடிசையில இருந்து ஓடினப்போ பிளாஸ்க் உடைஞ்சு டீ வாடைதான் முதல்ல வந்துச்சு, அவன் பேசல. போர்வையில தூக்கி ஜீப் ரோட்டுக்குக் கொண்டு வர முக்கால் மணி நேரம். காரை எலும்பு முறிஞ்சு, விலா ரெண்டு. அந்த போகம் பீன்ஸ் நல்ல விலை, அவனால ஒரு கூடை தூக்க முடியல. இப்பவும் குளிர் கூடினா தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்.

அதனால ஏறி இறங்குறதைத்தான் நான் அதிகமா சொல்லுவேன். மேல உக்காந்திருக்கும்போது விழுறவங்களைவிட ஏறும்போது, இறங்கும்போது, சீட்டுக்கும் ஏணிக்கும் மாறும்போது விழுறவங்கதான் நான் பார்த்தவரைக்கும் கூட. கை ரெண்டு கால் ரெண்டு, நாலுல மூணு எப்பவும் ஏணியில இருக்கணும். அப்படின்னா கையில எதுவும் இருக்கக் கூடாது, டார்ச் தலையில மாட்டுறது வாங்குங்க, பிளாஸ்க், தகரம், போர்வை எல்லாம் ஒரு பையில போட்டு கயிறு கட்டி நீங்க மேல போனப்புறம் இழுத்துக்குங்க, இறங்குறதுக்கு முன்னாடி அதே மாதிரி இறக்கிடுங்க.

அடுத்தது உடம்புக்கு மாட்டுற பெல்ட். இடுப்புல மட்டும் கட்டுற பெல்ட் வேணாம், விழுந்தா இடுப்பை முறிக்கும், மூச்சை நிறுத்தும். டவர்ல ஏறுறவங்க போடுற மாதிரி தோள், நெஞ்சு, தொடை எல்லாம் சேர்ந்த ஃபுல் பாடி ஹார்னஸ் பெரிய ஹார்டுவேர் கடையில கிடைக்குது. சீட்டுக்கு மேல, உக்காந்தா தலைக்கு மேல வர்ற உயரத்துல, மரத்தைச் சுத்தி ஒரு கெட்டிக் கயிறு கட்டி அதோட நுனியைத் தரை வரைக்கும் தொங்க விட்டு அடியிலயும் கட்டிடுங்க. அந்தக் கயிறுல கொஞ்சம் மெல்லிசான கயிறு வளையம் ஒண்ணை மூணு சுத்து சுத்தி உள்ள இழுத்தா ஒரு முடிச்சு விழும், ப்ருசிக் முடிச்சுன்னு பேர், கையால நகர்த்தினா மேலயும் கீழயும் நகரும், திடீர்னு கனம் விழுந்தா இறுகிப் பிடிச்சுக்கும். அதுல உங்க ஹார்னஸை மாட்டிட்டு தரையில இருந்தே முடிச்சைத் தள்ளிக்கிட்டே ஏறணும். மலையேறப் பழகினவங்க யாராவது பக்கத்துல இருந்தா அவங்ககிட்ட நேர்ல காட்டச் சொல்லி, ரெண்டு அடி உயரத்துல தொங்கிப் பார்த்துக் கத்துக்குங்க. மேல உக்காந்தப்புறம் முடிச்சை உயர்த்திடுங்க, தொய்வே இருக்கக் கூடாது.

விழுந்து ஹார்னஸ்ல தொங்கினா பிழைச்சோம்னு அப்படியே இருக்கக் கூடாது. கால் அசையாம தொங்கினா ரத்தம் காலுக்குள்ள தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. காலை ஆட்டிக்கிட்டே இருங்க, ஒரு கயிறு வளையம் இடுப்புல சொருகி வெச்சிருந்தா அதை மாட்டி அதுல கால் ஊன்றி நில்லுங்க, கத்துங்க. அதுக்குத்தான் தனியா காவல் போகாதீங்கன்னு சொல்றது, கீழ குடிசையில ஒரு ஆள் இருக்கணும், போன் டவர் எங்க எடுக்கும்னு பகல்லயே பார்த்து வெச்சுக்கணும், 108 வண்டி எந்த இடம் வரைக்கும் வரும்னு தெரிஞ்சிருக்கணும்.

ராத்திரி

பொழுது சாயுற நேரமும் விடியறதுக்கு முந்தின நேரமும்தான் மான் அதிகமா வரும், நடுவுல மாத்தி மாத்தி தூங்கிக்கலாம், பரண்ல தூங்கினா ஹார்னஸைக் கழட்டாதீங்க. தகரத்தை ஒரே மாதிரி ஒரே நேரத்துக்கு அடிச்சா நாலு நாள்ல மானுக்குப் பழகிரும், நான் கண்ணால பார்த்தேன், ஒண்ணு தலையைக்கூட தூக்காம மேய்ஞ்சுது. நேரம் மாத்தி அடிங்க, ஒரு நாள் லைட்டு மட்டும், ஒரு நாள் பேச்சு, ஒரு நாள் ரெண்டும். ஏறி இறங்க சிவப்பு லைட் வெச்சுக்கிட்டா நம்ம கண்ணு இருட்டுக்குப் பழகினது கலையாது, விரட்டுறதுக்கு வெள்ளை லைட். கண்ணுல அடிச்சு நிறுத்தி வெச்சுக்கிட்டே இருக்காதீங்க, ஓட வழி விட்டு விரட்டுங்க, வழி இல்லாத மான் வேலியில மோதிச் செத்தா அதுவும் நம்ம தலையிலதான். வேலின்னதும் ஞாபகம் வருது, கடமான் ஆறடியைத் தாண்டிரும், பழைய சேலை கட்டுறது கேளையாட்டுக்குக் கொஞ்ச நாள் கேக்கும், அப்புறம் அதுவும் பழகிரும்.

இடி மின்னல் தெரிஞ்சா உடனே இறங்கிடுங்க, மரத்துல சாத்தின இரும்பு ஏணியில உக்காந்திருக்கோம்கிறது ஞாபகம் இருக்கட்டும். பரண் மேலயோ அடியிலயோ நெருப்பு வேணாம், மாசி பங்குனியில ஒரு பீடித் துண்டு போதும் காடு பத்திக்க. குடிச்சுட்டு வர்ற ஆளை எவ்வளவு சொந்தம்னாலும் ஏத்தாதீங்க.

பயிர் போயிருச்சுன்னா விடிஞ்சதும் போட்டோ எடுத்து, எந்த இடம் எவ்வளவுன்னு குறிச்சு வனத்துறைக்கு மனு குடுங்க, நிவாரணம் வர நாளானாலும் குடுத்து வைங்க. காவல் இருந்தோம்னு வெட்கப்பட ஒண்ணும் இல்ல, எந்த நாள் எத்தனை மான் வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதினா அடுத்த வருஷம் எந்த வாரம் கண்டிப்பா ஆள் இருக்கணும்னு உங்களுக்கே தெரியும். எங்க காட்டுல முளை வந்த முதல் இருபது நாளும், அப்புறம் பூ வைக்கிற நேரமும்.

அறுப்பு முடிஞ்சதும்

பரணை அப்படியே விட்டுட்டுப் போகாதீங்க. முழுசா மரத்துல இருந்து இறக்கி, ஏணியைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க, மாடு மேய்க்கிற பசங்க ஏறிப் பார்க்காம இருக்க மாட்டாங்க. பெல்ட்டையும் மரத்துலயே விட்டுடாதீங்க, மரம் பருத்துக்கிட்டே இருக்கும், ஒரே இடத்துல இறுக்கிக் கிடந்தா பட்டைக்குள்ள வெட்டி இறங்கும், மரமும் கெடும் பெல்ட்டும் கெடும். வெல்டு, போல்ட், டியூப் எல்லாத்தையும் பகல்ல ஒரு தடவை பார்த்துடுங்க. பெல்ட் வாங்கின மாசத்தையும் வருஷத்தையும் பெயிண்ட்ல கொக்கி மேலயே எழுதிடுங்க, ஒரு வருஷம் ஆனதும் நல்லா இருந்தாலும் அறுத்துப் போடுங்க, வெச்சிருந்தா வேற எதுக்காவது எடுத்துக் கட்டிருவோம். எங்க பரண்ல இப்ப கிடக்கிறது தை மாசம் மாத்தினது, என் தம்பியே அவன் கையால எழுதி வெச்சிருக்கான்.